இந்தப் பை உங்களுக்கு வேண்டாம் சார்

ஒரு காட்டில் ஒரு நரி கடை வைத்திருந்தது.

நரி என்றதும் ‘ஆகா, இன்றைக்கு யாரோ ஏமாறப் போகிறார்கள்’ என்று நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள் பாருங்கள், அதுதான் அந்த நரியின் தலையெழுத்து. அதன் பெயர் சத்தியசீலன். பெற்றவர்கள் ஏதோ ஆசையில் வைத்த பெயர். அதுவும் பாவம், பெயருக்குத் தகுந்த மாதிரியே வளர்ந்து தொலைத்தது. வாயைத் திறந்தால் உண்மைதான் வரும். வியாபாரத்துக்கு ஆகுமா இது?

நாவல் மரத்தடியில் அதன் கடை. முதுகில் மாட்டிக்கொண்டு மலையேறுகிற பைகளை அதுவே அளவெடுத்து, அதுவே தைத்து, வரிசையாகத் தொங்கவிட்டிருந்தது. பார்க்கிறவர்கள் எல்லாரும் பார்த்தார்கள், தடவினார்கள், “நல்லாத்தான் இருக்கு” என்றார்கள். பிறகு நரியின் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, “வீட்ல கேட்டுட்டு வர்றேன்” என்று போய்விட்டார்கள். வீடே இல்லாத குயில்கூட அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனது.

சந்தைக் கமிட்டித் தலைவர் எருமை ஒருநாள் அசைபோட்டபடி வந்து நின்றது.

“இந்தாப்பா, மலையேத்தம் முடியறதுக்குள்ள ஒரு பையாவது வித்துக் காட்டு. இல்லேன்னா இந்த இடத்தைக் கிளிக்குக் குடுத்துடுவோம். ஜோசியக் கடை போடணும்னு அது மனு மேல மனு எழுதிப் போட்டுட்டு இருக்கு.”

“பை நல்ல பைதாங்க தலைவரே. ஒருத்தர், ஒரே ஒருத்தர் நம்பி வாங்கிட்டாப் போதும்.”

“நீ சொல்றே. நாங்க நம்பணுமே” என்று எருமை வாலைச் சுழற்றிக்கொண்டு போனது.

மலையேற்றம் என்றால் அந்தக் காட்டில் பெரிய விஷயம். வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள் யாராக இருந்தாலும், தன் சோற்றையும் தன் தண்ணீரையும் தானே சுமந்துகொண்டு கூடைமலை உச்சிவரை ஏற வேண்டும். உச்சியில் மூத்த கரடி நெற்றியில் செம்மண் இட்டு, “இனிமே நீ நம்ம ஆளு” என்று சொல்லும். வழியில் எவராவது ஒரு கைகொடுத்தாலும் போச்சு, அடுத்த வருஷம்தான். பொருளை விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம், அதில் தப்பில்லை. சும்மா உதவினால்தான் குற்றம். காட்டுக்குள்ளும் சட்டம் சட்டம்தானே!

அந்த வருஷம் ஏறவேண்டியது ஒரு நாய். நாய் என்றால் சாதாரண நாய் இல்லை, கன்றுக்குட்டி உயரம், அதற்கேற்ற அகலம். டவுனில் ஒரு பங்களாவில் ராஜா மாதிரி இருந்தது. வீட்டுக்காரர்கள் பங்களாவை விற்றுவிட்டு அடுக்குமாடிக்குப் போனார்கள். அங்கே பெரிய நாய்க்கு அனுமதி இல்லையாம். காட்டோரம் கொண்டுவந்து இறக்கிவிட்டு, ஒரு மூட்டை பிஸ்கட்டையும் போட்டுவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்கள். அதன் பெயர் டைகர். இந்தப் பெயரோடு காட்டில் குப்பை கொட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். நிஜப் புலி ஆள்விட்டு, ‘அந்தப் பேரைக் கொஞ்சம் மெதுவாக் கூப்பிடச் சொல்லு’ என்று சொல்லி அனுப்பியிருந்தது. அதனால் எல்லாரும் அதை ‘டவுன்காரர்’ என்றே கூப்பிட்டார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் டைகர் வாலைக் காலுக்கிடையில் செருகிக்கொள்ளும்.

டைகர் ஒருநாள் நாவல் மரத்தடிக்கு வந்தது. சத்தியசீலனுக்குத் தலைகால் புரியவில்லை.

“வாங்க சார், வாங்க! மலையேத்தத்துக்கா? கொஞ்சம் நில்லுங்க, அளந்துடுறேன்.” நூலை எடுத்து, முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றிப் போட்டது. கழுத்திலிருந்து வால் தொடங்கும் இடம்வரை இன்னொரு தடவை பிடித்துப் பார்த்தது. “உயரத்தைப் பார்த்துப் பை வாங்கக் கூடாது சார். மார்பளவுதான் முக்கியம்.”

பிறகு ஒரு பையை எடுத்து வைத்தது. முதுகின் குறுக்கே ஒரு பட்டை, இரண்டு பக்கமும் ஒவ்வொரு அறை.

“இது என்ன, கழுதைக்குப் போடுற பொதி மாதிரி இருக்கு?” என்றது டைகர்.

“நாலு கால்ல நடக்குறவங்களுக்கு இதுதான் சார் சரி. ரெண்டு பக்கமும் சமமாத் தொங்கணும். வாருக்கடியில என் பாதம் நுழையுற அளவு இடம் விடணும். கழுத்தை இழுக்கக் கூடாது.”

“எனக்கு இதைவிடப் பெருசு வேணும். என் உடம்பைப் பாரு.”

“வேண்டாம் சார். எடம் இருந்தா எதையாவது போட்டு ரொப்பத் தோணும். சின்னதே போதும். விலையும் கம்மி.”

டைகரின் காது லேசாக விறைத்தது. கடைக்காரனே விலை குறைந்ததை வாங்கச் சொல்கிறானா?

“வாங்கினதும் உடனே சுமையை ஏத்திடாதீங்க” என்று சத்தியசீலன் ஆர்வத்தில் அடுக்கிக்கொண்டே போனது. “கொஞ்ச நாள் வெறும் பையை மாட்டிக்கிட்டு நடந்து பழகுங்க. பிடிக்கலைன்னா திருப்பிக் குடுத்துடுங்க, நான் வாங்கிக்குறேன்.”

அவ்வளவுதான்! ஒரு நரி, விலை குறைந்த பையைக் காட்டுகிறது, பக்குவம் சொல்லித்தருகிறது, போதாக்குறைக்குத் திருப்பியும் வாங்கிக்கொள்கிறதாம். டைகர் ஒரு அடி பின்வாங்கியது. இவ்வளவு நல்லது ஒரே வாயிலிருந்து வந்தால் அதில் எவ்வளவு பெரிய சூது இருக்க வேண்டும்?

“வீட்ல கேட்டுட்டு வர்றேன்” என்றது.

காட்டோரம் தன்னை இறக்கிவிட்டுப் போன வீட்டைத்தான் கேட்கும்போல. சத்தியசீலன் நூலைச் சுருட்டிக்கொண்டே அது போகிற திசையைப் பார்த்தது. வாய்விட்டு அழலாம்போல இருந்தது.

டைகர் நேராக எதிர்க்கடைக்குப் போனது. அங்கே ஆமை அண்ணாச்சி. ஆமை பொய் சொல்லி யாராவது கேட்டிருக்கிறீர்களா? நிதானம், பொறுமை, உழைப்பு என்று ஊரே மெச்சுகிற ஜீவன். அதுவும் பொய் சொல்லவில்லைதான்.

“தம்பி, நான் பொறந்ததுலேருந்து ஒரே பைதான் மாட்டியிருக்கேன். கழட்டினதே இல்ல. கிழிஞ்சதும் இல்ல” என்றது ஆமை. “உருண்டையா, கெட்டியா, ஓடு மாதிரி இருக்கணும். அதுதான் பை. தொங்குறதெல்லாம் பையா?”

மூங்கில் பிளாச்சால் முடைந்து, மேலே மெழுகு பூசிய ஒரு பெரிய உருண்டைக் கூடு. கழுத்தைச் சுற்றி ஒரே ஒரு வார். பக்கத்துக் கிளையில் மந்தி மரகதம் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தது. “மக்களே, இந்த ஓட்டுப் பைக்கு நான் அஞ்சு ஸ்டார் குடுக்குறேன்! நான் இன்னும் மாட்டிப் பார்க்கல, ஆனா பார்க்கவே கும்முன்னு இருக்கு!”

டைகர் வாங்கிவிட்டது. உள்ளே அத்தனை இடம் காலியாக இருக்கிறதே என்று ஒரு குடை, ஒரு தலையணை, பங்களாவிலிருந்து கூடவே வந்த சோற்றுத் தட்டு, பிஸ்கட், தண்ணீர்க் குடுவை எல்லாவற்றையும் திணித்துக்கொண்டது. 

மலையேற்றத்தன்று காலை சத்தியசீலன் கடையைச் சாத்தியது. டைகரின் அளவுக்குப் பொருத்தமான அந்தப் பையை எடுத்துத் தோளில் போட்டது.

“எங்கே கிளம்பிட்டீங்க?” என்றது அதன் மனைவி பூங்கோதை.

“அந்த ஓடு முதல் செங்குத்துலயே சாஞ்சிடும். அந்த வார் கழுத்தைப் பிடிக்கும். பார்த்துக்கிட்டு எப்படிச் சும்மா இருக்கிறது?”

“உங்களுக்கெதுக்கு ஊர் வம்பு? கெட்ட பேருதான் மிஞ்சும்.”

“இருக்கிற பேரைவிடக் கெட்ட பேரு எங்கே இருக்கு?” என்று சொல்லிவிட்டு நரி நடந்தது.

நரி சொன்னது சொன்னபடியே நடந்தது. வழுக்குப் பாறையில் கால் வைத்ததும் கூடு வலது பக்கம் சரிந்தது. டைகர் இடது பக்கம் சாய்ந்து சமாளித்தது. கூடும் இடது பக்கம் வந்தது. வார் கழுத்தை நெரிக்க, தலையணை முன்னால் போக, தட்டு டணங் டணங் என்று உருண்டு ஓட, அவ்வளவு பெரிய நாய் குட்டிக்கரணம் போட்டு உண்ணிச்செடிப் புதருக்குள் போய் விழுந்தது.

உச்சிக்கு வேடிக்கை பார்க்கப் போன மான் கடந்துபோனது. “ஐயோ பாவம்! தூக்கிவிடலாம், தூக்கிவிட்டா உங்களுக்கு அடுத்த வருஷமாயிடும்” என்றது. காட்டுப்பன்றி நின்று பார்த்து, “டவுன்காரருக்கு இதெல்லாம் எதுக்கு?” என்று உறுமிவிட்டுப் போனது.

டைகர் எழுந்து உட்கார்ந்தது. உச்சியில் முரசு கேட்டது. எல்லாரும் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தார்கள். அங்கேயும் வேண்டாம் என்றார்கள், இங்கேயும் சேர்த்துக்கொள்ளப் போவதில்லை என்று நினைத்ததும் அது மூஞ்சியை முன்னங்காலில் புதைத்துக்கொண்டது. ஊ… என்று அழ ஆரம்பித்தது.

அப்போதுதான் புதரை விலக்கிக்கொண்டு சத்தியசீலன் வந்தது.

“சார், அழாதீங்க. இந்தப் பையை மாட்டுங்க. உங்க அளவுதான். இன்னும் நேரமிருக்கு, ஏறிடலாம்.”

டைகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு முறைத்தது. “ஓ, நான் விழுவேன்னு காத்துக்கிட்டே பின்னால வந்தியா? எத்தனை நாள் திட்டம் இது?”

“சத்தியமாச் சொல்றேன் சார்…”

“நரிக்குச் சத்தியம் ஒரு கேடு!”

சத்தியசீலனுக்கு அதுவரை அடக்கிவைத்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. எவ்வளவுதான் தாங்கும் ஒரு நரி! “சரி, வேண்டாம் போங்க! இந்தப் பை உங்களுக்கு லாயக்கே இல்ல. மாட்டினா முதுகு ஒடிஞ்சிடும். இதை நான் உங்களுக்குக் குடுக்கிறதாவே இல்ல, மந்திக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்!” என்று கத்திவிட்டுத் திரும்பியது.

இரண்டடி வைத்தது. திரும்பிப் பார்த்தது. டைகரின் காது இரண்டும் செங்குத்தாக நின்றன.

“ஓஹோ…” என்றது டைகர். “அப்படியா சங்கதி? மந்திக்கா? கொண்டா இப்படி!”

ஒரே பாய்ச்சல். ஒரு பிஸ்கட் பொட்டலத்தை விலையாக நரியின் காலடியில் எறிந்துவிட்டு, பையைப் பிடுங்கிக்கொண்டது. சத்தியசீலன் திகைத்து நின்றது. பிறகு அதன் மூளையில் மெதுவாக ஒரு விளக்கு எரிந்தது.

“ஐயையோ சார், பையைப் பிடுங்கினதுதான் பிடுங்கினீங்க, ரெண்டு பக்கமும் சமமா மட்டும் வச்சிடாதீங்க!” என்று பதறியது.

டைகர் மீதி பிஸ்கட்டை ஒரு பக்கமும் தண்ணீர்க் குடுவையை ஒரு பக்கமும் வைத்து, தூக்கிப் பார்த்துச் சமன் செய்தது. 

“வாரை மூச்சு முட்டுற மாதிரி இறுக்குங்க. என் பாதம் நுழையுற அளவு எடம் விட்டீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்!”

“உன் பாதத்தைக் கொண்டா” என்று பிடித்து இழுத்து, நுழைத்துப் பார்த்து, வாரைத் தளர்த்திக் கட்டியது டைகர்.

“அந்தக் குடையையும் தலையணையையும் மறக்காம எடுத்துக்கிட்டுப் போங்க!”

இரண்டையும் டைகர் பள்ளத்தில் வீசியது. பிறகு நரியைப் பார்த்து ஏளனமாக ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, மலையில் ஏறியது. பை முதுகோடு முதுகாக ஒட்டி உட்கார்ந்திருந்தது. வழுக்குப் பாறையில் கால் வழுக்கவில்லை. கீழே நின்று பார்த்த சத்தியசீலனுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. என்ன இருந்தாலும் கைத்தொழில் ஆயிற்றே!

உச்சியில் கரடி செம்மண் இட்டு, “இனிமே நீ நம்ம ஆளு” என்றது. டைகர் இரண்டு வார்த்தை பேசியது.

“அன்பான காட்டு மக்களே! இவ்வளவு அருமையான பையை எனக்குக் குடுக்காம ஒளிச்சுவைக்கப் பார்த்துச்சு அந்த நரி. என்னென்னவோ பொய் சொல்லிச்சு. நான் டவுன்ல பொறந்தாலும் காட்டுக்காரன்தானே, ஏமாறுவேனா?”

கைதட்டல் பள்ளத்தாக்கு வரை கேட்டது. காட்டுப்பன்றிகூட, “நம்மாளு விவரமான ஆளுப்பா” என்றது.

மறுநாள் நாவல் மரத்தடியில் கூட்டம் தாங்கவில்லை. கியூ ஓடைவரை போய், அங்கே இரண்டாய்ப் பிரிந்தது. நரி தர மாட்டேன் என்று மறுத்த பை எல்லாருக்கும் வேண்டுமாம். சத்தியசீலன் ஒரு பலகை எழுதி மாட்டியது: ‘இங்குள்ள பைகள் எதுவும் உங்களுக்குப் பொருந்தாது.’ அதைப் படித்ததும் கூட்டம் இன்னும் நெருக்கியது. “உங்களுக்கு இது ஆகாது, போங்க” என்று ஒவ்வொருவரையும் விரட்டியது. “அதையே கொடு” என்று மடக்கி மடக்கி வாங்கிப் போனார்கள். ஆமை அண்ணாச்சியே மெதுவாக ஊர்ந்து வந்து வரிசையில் நின்றது. எருமைத் தலைவர், “இவன் மகா திருடன், கடை நல்லா நடக்கும்” என்று இடத்தை நிரந்தரமாக்கிக் கொடுத்துவிட்டது. கிளி இன்னொரு மனு எழுதப் போனது.

நாள் பூராவும் எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றிப் பேசி, தொண்டை கட்டி, சாயங்காலம் சத்தியசீலன் வீட்டுக்கு வந்தது. பூங்கோதைக்குப் பெருமை தாங்கவில்லை. புருஷன் ஜெயித்துவிட்டதே! மிளகு தூக்கலாக நண்டுக் குழம்பு வைத்து, இலை போட்டுப் பரிமாறி, பக்கத்திலேயே உட்கார்ந்தது. ஒரு வாய் வைத்ததும் சத்தியசீலன் அப்படியே சொக்கிப்போனது. வாழ்நாளில் இப்படி ஒரு குழம்பு சாப்பிட்டதில்லை.

“எப்படிங்க இருக்கு?” என்று ஆசையாகக் கேட்டது பூங்கோதை.

“தூ! வாயில வைக்க முடியல. இதை எனக்குப் போடாதே” என்றது சத்தியசீலன்.

பூங்கோதை எழுந்தது. இலையைச் சுருட்டியது. சட்டியோடு குழம்பை எடுத்துப் பக்கத்து வீட்டு மரநாய்க்குக் கொடுத்துவிட்டு வந்து, மூலையில் திரும்பிப் படுத்துக்கொண்டது. அந்தக் காட்டிலேயே நரி சொன்னதை அப்படியே நம்புகிற ஒரே ஜீவன் அதுதான்.

நீதி: உண்மையை விற்க வேண்டுமென்றால் பொய்யில் பொட்டலம் கட்டி விற்கவும். வீட்டுக்குள் நுழையும்போது மட்டும் காலோடு வாயையும் சேர்த்துக் கழுவிக்கொண்டு நுழையவும்.