கடைவாய்ப் பல்லும் கடைசிக் கோட்டையும்

லிஃப்ட் குழிக்குள் ஒற்றைக் கம்பியில் தொங்கிக்கொண்டே பாட்டு முணுமுணுக்கிற மெக்கானிக் அவர். அப்பேர்ப்பட்ட தைரியசாலி உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் பயப்படுவார். ஒருவர் பல் டாக்டர். இன்னொருவர் மனைவி. இந்த இரண்டு பேரும் கூட்டுச் சேர்வதை நினைத்தாலே அவருக்குத் தொடை நடுங்கும்.

கூட்டுச் சேரும் நேரமும் வந்தது. கடைவாய்ப் பல் சொத்தையாகி, கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது. மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. வலி மாத்திரை காலியாவதை அவளிடமா மறைக்க முடியும்?

"நாளைக்கே போய்ப் பிடுங்கிடலாம்."

"பிடுங்குறதுக்கு அது என்ன களையா?"

"சொத்தைங்க!"

"சொத்தைன்னாலும் என் சொத்துடி!"

அவள் முறைத்த முறைப்பில் அவருக்கு ஒரு மகா யோசனை பிறந்தது. கம்ப்யூட்டரில் ஒரு ராஜ்ய விளையாட்டு வைத்திருந்தார். குகை மனிதரில் தொடங்கி, கோட்டை கட்டி, ராக்கெட் விடுகிற வரைக்கும் போகும். சதுரங்கம் மாதிரி நம் முறை முடிந்தால் மற்ற ராஜாக்களின் முறை.

"இன்னைக்குப் புதுசா ஒரு ஆட்டம் ஆரம்பிக்கிறேன். அது முடிஞ்ச மறுநாளே வாயைத் திறக்கிறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"சரி."

அவ்வளவுதான். சண்டையே இல்லை. மனைவி உடனே 'சரி' என்றால் அதில் ஏதோ சரியில்லை.

இருந்தாலும் அவள் அந்தப் பக்கம் நகர்ந்ததும், ஆட்டத்தின் வேகத்தை 'மிக மிக மெதுவாக' என்று வைத்தார். ஒரு தானியக் களஞ்சியம் எழும்பவே ஒரு சாயங்காலம் போய்விடும். ராக்கெட் விடுவதற்குள் பல் தானாகவே விழுந்துவிடாதா!

மனைவியோ துணி மடிக்கிற சாக்கில் பக்கத்திலேயே வந்து உட்கார ஆரம்பித்தாள்.

"யாருங்க இந்தத் தாடிக்காரன்?"

"பக்கத்து நாட்டு ராஜா. நம்ம சிநேகிதன்."

"சிநேகிதன்னா எல்லையில எதுக்கு இத்தனை வீரனுங்க? பாவம், வெயில்ல நிக்குறாங்க. வீட்டுக்கு அனுப்பிட்டு ஒரு நூலகம் கட்டுங்களேன்."

அவருக்கு அது நியாயமாகவே பட்டது. படை இருந்தால் சண்டை வரும், சண்டை வந்தால் ஆட்டம் சட்டென்று முடியும். படையைக் கலைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. காபியோடு உட்கார்ந்தவர் அப்படியே உறைந்துபோனார். எல்லை முழுக்கச் சிவப்புக் கொடி. தாடிக்காரனின் குதிரைப்படை!

பதறிப்போய்த் தலைநகருக்கு மதில் கட்டச் சொன்னார். அது எப்போது எழும்புமோ, தெரியவில்லை. அப்போதுதான் உறைத்தது. அவர் மெதுவாக்கியது கொத்தனார்களை. குதிரைகள் எப்போதும் போலத்தான் ஓடிக்கொண்டிருந்தன.

எல்லைக் கிராமம் போனது. ஆற்றங்கரை ஊரும் போனது. ஒவ்வொரு முறையும் குதிரைகள் கிட்டே வந்தன. ஒவ்வொரு குளம்புக்கும் கடைவாய் விண்விண் என்றது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளலாம் என்றால், கடிக்கிற நிலையிலா இருக்கிறது பல்?

பொன்னைக் கொடுத்து சமாதானம் கேட்டார். தாடிக்காரன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"முறையை முடிங்க," என்றாள் மனைவி.

"இப்படியே நிறுத்தி வெச்சுட்டா என்ன?"

"நிறுத்தினா ஆட்டம் முடிஞ்சதுன்னுதானே அர்த்தம்? சட்டையை மாட்டுங்க, கிளம்பலாம்."

கண்ணை இறுக மூடிக்கொண்டு, முறையை முடிக்கும் பொத்தானை அழுத்தினார். திறந்தபோது தலைநகர் எரிந்துகொண்டிருந்தது. மதிலில் அடிக்கல் மட்டும்தான் முடிந்திருந்தது.

மறுநாள் பல் டாக்டரின் முன்னறை. உள்ளேயிருந்து 'ர்ர்ர்' என்று சத்தம். யாரோ முனகினார்கள். அவர் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அந்த நடுக்கத்திலும் மனசு ஆறவில்லை.

"எனக்கு ஒண்ணுதான் புரியலைடி. அத்தனை சிநேகமா இருந்தவன், திடீர்னு எதுக்கு நம்ம மேல படையெடுத்தான்?"

பத்திரிகையைப் புரட்டிக்கொண்டே மனைவி சொன்னாள்: "அவன் எங்கே எடுத்தான்? நீங்க பல் தேய்க்கப் போயிருந்தப்போ நான்தான் அவன்மேல போர் அறிவிச்சேன்."