மேல்தாடை கேட்ட விலை

பல்செட்காரருக்கு ஒரு குடையின் மேல் பொறாமை வந்தது.

நல்ல குடைகூட இல்லை. கம்பி இரண்டு ஒடிந்து, பாதி விரிந்ததும் அடம்பிடித்து நின்றுவிடுகிற கறுப்புக் குடை. பத்து வருஷமாக அவர் வீட்டுச் சாமான் அறையில்தான் கிடந்தது. அப்போதெல்லாம் அவர் அதை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. அவர் மனைவி அதைப் பற்றி நாலு வரி எழுதி இணைய ஏலத்தில் போட்ட பிறகுதான் வினை ஆரம்பித்தது.

“இந்தக் குடை பாதிதான் விரியும். ஆனால் அந்தப் பாதிக்குள் இரண்டு பேர் நெருங்கி நின்றால் நனையமாட்டார்கள். நெருங்கி நிற்க ஆள் இருப்பவர்கள் வாங்கலாம்.”

பல் தேய்த்துக்கொண்டே செல்போனில் இதைப் படித்த பல்செட்காரர் நுரையை விழுங்கிவிட்டார்.

கல்யாணமாகி இருபது வருஷம். இத்தனை வருஷத்தில் அவள் அவருக்கு எழுதிக் கொடுத்ததெல்லாம் கடைச் சீட்டுதான். ‘சோப்பு நாலு, தீப்பெட்டி ஒரு கட்டு, போன தடவை மாதிரி மறந்துட்டு வராதீங்க.’ அவருக்குக் கிடைத்த இலக்கியம் அவ்வளவே. ஒடிந்த குடைக்கு மட்டும் எங்கிருந்து வந்தது இந்த நடை?

இதில் அவர் தப்பும் இருக்கிறது. எதையும் தூக்கிப் போட விடாத மனுஷர் அவர். ‘இருக்கட்டும், உதவும்’ என்று சொல்லிச் சொல்லியே சாமான் அறைக் கதவை மூட முடியாமல் செய்தவர். போடத்தான் விடமாட்டீர்கள், விற்கவாவது விடுங்கள் என்று அவள் கேட்டபோது அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“தாராளமா வித்துக்கோ. ஆனா இதையெல்லாம் வாங்க ஒரு கிறுக்கன் பொறந்து வரணும்.”

பிறந்து வந்தே விட்டான். ஏலத்தில் எல்லோருக்கும் புனைபெயர். இந்த ஆளுக்கு ‘ஒற்றைச்செருப்பு’ என்று பெயர். குடையை வாங்கியதோடு போயிருந்தால் பரவாயில்லை. அதன் கீழே எல்லோரும் பார்க்கும்படி எழுதியும் வைத்தான்: “குடைக்காக வாங்கவில்லை. உங்கள் வரிகளுக்காக வாங்கினேன்.” அதற்கு இவள் நன்றி வேறு சொல்லியிருந்தாள். பக்கத்தில் ஒரு பூ.

பல்செட்காரர் தம் பட்டறைக்குப் போனார். சுற்றிலும் பிளாஸ்டர் வாய்கள். ஊரில் பல் போனவர்களின் அச்சு, அலமாரி அலமாரியாக. நாள் முழுக்க அத்தனை வாய்களோடு இருக்கிறவர். ஒன்றாவது ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கு ஒருவருக்குக் கடைவாய்ப் பல்லை முன்பக்கம் வைத்துவிட்டார்.

அங்கேயே ஒரு சபதம் எடுத்தார். இனி தன் வீட்டிலிருந்து ஒரு துரும்புகூட அந்தச் செருப்புக்குப் போகக் கூடாது. தானே ஏலம் கேட்பது. தானே வாங்குவது. ஏலப் பக்கம் புனைபெயர் கேட்டது. எதிரே மேஜையில் இருந்ததைப் பார்த்து ‘மேல்தாடை’ என்று போட்டார். பட்டறை முகவரி அவளுக்குத் தெரியும். அதனால் பக்கத்துச் சாவிக்கடையின் முகவரியைக் கொடுத்தார்.

“உங்க வீட்டுச் சாமானை உங்க சம்சாரத்துக்கிட்டேயே ஏலத்துல எடுக்கப் போறீங்க?” என்று கேட்டார் சாவிக்கடைக்காரர்.

“ஆமா.”

“அவங்களுக்குத் தெரியவும் கூடாது?”

“தெரிஞ்சா என் மானம் என்ன ஆகறது?”

சாவிக்கடைக்காரர் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, பார்சல் வந்தால் வாங்கி வைப்பதாக ஒப்புக்கொண்டார்.

அடுத்து வந்தது ஒரு பறவைக் கூண்டு. கதவு துருப்பிடித்துத் திறந்தபடியே நின்றுவிட்டது. “இந்தக் கூண்டில் இனி எதையும் அடைக்க முடியாது. இருக்க விரும்புகிறவர்கள் மட்டும் இருப்பார்கள்” என்று அவள் எழுதியிருந்தாள். ஒற்றைச்செருப்பு உருகி ஒரு விலை கேட்டான். மேல்தாடை அதற்கு மேல் கேட்டது. செருப்பு ஏறினான். தாடை இறுகியது. கடைசியில் ஒரு புதுக் கூண்டும் அதில் விட இரண்டு கிளியும் வாங்குகிற விலைக்குக் கூண்டு மேல்தாடைக்கு விழுந்தது.

மறுநாள் காலை அவள் கூண்டை அழகாகக் கட்டி, பட்டறைக்குப் போகிற வழியில் கூரியரில் போட்டுவிடச் சொல்லி அவர் கையிலேயே கொடுத்தாள். அவர் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டார். கூரியர் ஆபீஸ் வரிசையில் அரை மணி நேரம் நின்று, தனக்கே அனுப்பிவிட்டு வந்தார். இரண்டு நாளில் அது சாவிக்கடைக்கு வந்தது. உலகத்தையே ஜெயித்த மாதிரி இருந்தது அவருக்கு.

அப்புறம் யாரோ நீச்சலில் வாங்கிய மூன்றாம் பரிசுக் கோப்பை. அப்புறம் சாவி தொலைந்த பெட்டி. எல்லாம் மேல்தாடைக்கே. பட்டறையில் நடக்க இடமில்லை. பல்லை அளந்துவிட்டு நிமிர்ந்தால் கூண்டில் தலை இடித்தது.

பெட்டி கனம். அதைத் தூக்கிக்கொண்டு நடந்தபோதுதான் அவருக்கு அந்த அபாரமான யோசனை வந்தது. கூரியர் ஆபீஸ் இந்தப் பக்கம். சாவிக்கடை அந்தப் பக்கம். இங்கே கொடுத்து அங்கே வாங்குவானேன்? நேரே பட்டறைக்கே தூக்கிக்கொண்டு போனார். போனதும் மறக்காமல் ஏலப் பக்கத்தில், ‘பொருள் நல்ல நிலையில் வந்து சேர்ந்தது’ என்று பதிந்தார். ஒழுங்கான மனுஷர். வீட்டிலிருந்து கிளம்பி இருபது நிமிஷம்தான் ஆகியிருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அவள் செல்போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை, இந்தக் காலத்துக் கூரியர் நல்ல வேகம் என்றாள். ஒற்றைச்செருப்புதான் ஏதோ எழுதியிருப்பான் என்று அவருக்கு வயிறு எரிந்தது.

அந்த வாரம் சாமான் அறையிலிருந்து பழைய மேஜை விசிறி வெளியே வந்தது. கல்யாணமான புதிதில் வாங்கியது. அவள் அதைத் துடைத்துப் படம் எடுத்து, வழக்கத்துக்கு மாறாக நெடுநேரம் எழுதினாள்.

“இருபது வருஷமாக எங்கள் வீட்டில் இருக்கிறது. சத்தம் ஜாஸ்தி. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். புழுக்கமான நாளில் எழுந்து போகாமல் என் பக்கத்திலேயே இருந்தது இது ஒன்றுதான். ஊரையெல்லாம் பார்த்துத் தலையாட்டிவிட்டு மறுபடி என் பக்கமே திரும்பும். கொடுக்க மனமில்லை. நல்ல விலை வந்தால் பார்க்கலாம்.”

பல்செட்காரர் பட்டறையில் உட்கார்ந்து இதைப் படித்தார். குடை, கூண்டு எல்லாம் தேவலை. ஒரு விசிறியை இவ்வளவு ஆசையாக நினைத்திருக்கிறாள். அவள் பக்கத்தில் இருபது வருஷம் இருந்தது விசிறி மட்டும்தானா? அவர் எங்கே போயிருந்தார்? அவரும்தான் சத்தம் போடுகிறார். அவரும்தான் தலையாட்டுகிறார். அவரைப் பற்றி இப்படி நாலு வரி வேண்டாம், ஒரு வரி எழுதியிருக்கிறாளா? அவருக்கு வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான். அதை வாய்விட்டுக் கேட்கவும் முடியாது.

ஒற்றைச்செருப்பு ஒரு விலை கேட்டான். மேல்தாடை ஒரே தாவலில் அதைப் போல நாலு பங்கு கேட்டது. அதோடு செருப்பின் சத்தமே இல்லை.

காலையில் விசிறி அட்டைப்பெட்டியில் தயாராக இருந்தது. அவர் அதைத் தூக்கினார். வாசல்வரை வந்தவளைப் பார்த்து, கூரியரில்தானே என்று பேச்சுக்குக் கேட்டார்.

“கூரியர் எதுக்குங்க வீணா? நேரே பட்டறைக்கே கொண்டு போயிடுங்க. போன தடவை மாதிரி.”

அவர் பெட்டியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“எந்தப் பட்டறை?”

“ஊர்ல எத்தனை பேர் தனக்கு மேல்தாடைன்னு பேர் வச்சுக்குவாங்க? முதல் நாளே சந்தேகம். இருபது நிமிஷத்துல பெட்டி போய்ச் சேர்ந்துச்சு பாருங்க, அன்னிக்கு அதுவும் தீர்ந்துபோச்சு.”

“தெரிஞ்சுமா என்னை இவ்வளவு விலை ஏத்த விட்டே?”

“வாங்க ஒரு கிறுக்கன் பொறந்து வரணும்னு நீங்கதான சொன்னீங்க. வந்தவரை விரட்ட முடியுமா? பணம் என் கணக்குலதான் இருக்கு, எங்கேயும் போயிடலை. சாமான் அறைக் கதவும் இப்ப மூடுது. இருபது வருஷமா கெஞ்சினேன், நடக்கலை.”

அவர் பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். மானம் எல்லாம் போன பிறகு கேட்க ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

“அந்த ஒற்றைச்செருப்பு யாரு?”

“நாடகத்துக்குச் சாமான் சேர்க்கிறவராம். எதைப் போட்டாலும் யாரோ தட்டிப் பறிச்சுடறாங்கன்னு ரொம்ப வருத்தப்பட்டு போன் பண்ணினார். ஞாயித்துக்கிழமை நேரே வீட்டுக்கே வந்து வாங்கிக்கிறாராம். கூண்டு, கோப்பை, பெட்டி எல்லாத்தையும் திரும்பக் கொண்டாந்துடுங்க.”

“வயசு என்ன இருக்கும்?”

“கேக்கலை. குரல் நல்லா இருந்துச்சு.”

“விசிறி?”

“அதைக் கொடுக்கறதா இல்லை. உங்களுக்கு வித்தாச்சே.”

பட்டறைக்கு விசிறியோடு போனார். மேஜைமேல் வைத்து ஓடவிட்டார். சத்தம் ஜாஸ்திதான். அது பிளாஸ்டர் வாய்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பியது. அப்போதுதான் விசிறியைப் பற்றி அவள் எழுதியது அவருக்கு மறுபடி ஞாபகம் வந்தது. அதை எழுதும்போதே மேல்தாடை யார் என்று அவளுக்குத் தெரியும். அவசரமாக ஏலப் பக்கத்தைத் திறந்தார். விற்றவர் வாங்கியவரைப் பற்றிக் கருத்து எழுதுகிற இடத்தில் மேல்தாடையின் பெயருக்கு நேராகப் புதிதாகச் சில வரிகள் வந்திருந்தன.

“கேட்டதற்கு மேல் கொடுப்பவர். பொருளைத் தாமே சுமந்து செல்பவர். குறை சொல்லித் திருப்பித் தந்ததே இல்லை. இப்படி ஒருவர் அமைவது அதிர்ஷ்டம்.”

நாலே வரி. மூன்று தரம் படித்தார். கண் கலங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, வரிகளுக்குக் கீழே இருந்த நட்சத்திரங்களை எண்ணினார். ஐந்துக்கு நான்கு.

பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்துவிட்டார். ஒற்றைச்செருப்புக்கு ஐந்து.