அடுத்தவர் காயத்துக்கு நன்றி

மனிதர்களில் துதிக்காரர் என்று ஓர் இனம் உண்டு. தேடி அலைய வேண்டாம். உங்களுக்கு ஒரு கஷ்டம் வரட்டும், அவரே வீடு தேடி வருவார். மழையோ வெயிலோ, ஏற்றமோ இறக்கமோ, எதற்கும் கடவுளுக்கு நன்றி சொல்லிவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. நல்ல கொள்கைதான், யார் மறுத்தார்கள்? கஷ்டம் யாருடையது என்பதில்தான் சிக்கல்.

எங்கள் அச்சகத்தின் காகிதக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் அந்த இனத்தில் அசல் சரக்கு. அன்றன்றைய வேலைகளை எழுத வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. அதன் மேல்வரி அவருடையது. காலையில் வந்ததும் சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, கண்களை மூடி, தொண்டையைச் செருமி, எல்லோரும் பார்க்கிறோமா என்று ஒரு கண்ணை மட்டும் திறந்து உறுதி செய்துகொண்டு, அன்றைய நன்றியை எழுதுவார். மகனுக்கு வேலை கிடைத்தால் நன்றி. பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தால் நன்றி. மிஷின்காரர் வீட்டுக் கூரை காற்றில் பறந்தபோது, ‘சுவர்கள் நின்றதற்கு நன்றி.’ மச்சினன் வீட்டில் ஒண்டியிருந்த மிஷின்காரர் அந்த வாரம் முழுக்கப் பலகைப் பக்கம் திரும்பாமலே உள்ளே போனார்.

வெட்டு இயந்திரத்தில் பைண்டரின் ஆள்காட்டி விரல் நுனி போன அன்று, கட்டுப் போட்டு முடிப்பதற்குள் ஆஸ்பத்திரியில் வந்து நின்றவரும் இவர்தான்.

“தம்பி, ஒன்பது விரல் முழுசா இருக்கு பாரு. நன்றி சொல்லு.”

பைண்டர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். சொன்னால்தான் ஆள் கிளம்புவார் என்று அவருக்குத் தெரியும்.

பிறகு ஒருநாள் அண்ணனின் கழுத்திலேயே ஒரு கட்டி தென்பட்டது. டாக்டர் அதில் துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வர ஐந்து நாள். பலகையின் மேல்வரி காலியாகக் கிடந்தது. மனிதர் சோறு இறங்காமல், கழுத்தைத் தடவித் தடவியே பாதியாகிப் போனார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. நாலாம் நாள் காலை பைண்டர் அவரிடம் போனார்.

“அண்ணே, இன்னைக்கு என்ன எழுதணும்?”

“ஒண்ணும் எழுத வேணாம்.”

“என் விரல் போன மறுநாளே எழுதுனீங்களே.”

“அது உன் விரல்.”

பைண்டர் கோபித்துக்கொள்ளவில்லை. அண்ணனின் சட்டைப் பையிலிருந்த சாக்பீஸை எடுத்துப்போய், குறைவிரலோடு கோணல்மாணலாக எழுதினார்: ‘கடவுளே, அண்ணனுக்கு இன்னும் ரிசல்ட் வரவில்லை. இதுவரை கூட இருந்ததற்கு நன்றி. இனிமேலும் இரு.’

அதை வாசித்த அண்ணன், கிடங்கு மூலையில் காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்து அழுதார். எனக்குத் தெரிந்து அவர் கடவுளோடு நேராகப் பேசியது அன்றைக்குத்தான்.

மறுநாள் முடிவு வந்தது: பயப்பட ஒன்றுமில்லை, சாதாரணக் கட்டி. வேறு யாராவது என்றால் திருந்தியிருப்பார்கள். இவர் ஈரத்துணியால் பைண்டரின் வரியைத் துடைத்துவிட்டு, கலர் சாக்பீஸில் எழுதினார்: ‘எந்நிலையிலும் கலங்காத நம்பிக்கையை எனக்குத் தந்ததற்கு நன்றி.’

சிரித்துக்கொண்டே படித்த அன்பரே, நடுவில் எங்கேயோ ஓரிடத்தில், ‘நல்லவேளை, நான் இப்படி இல்லை, கடவுளுக்கு நன்றி’ என்று நினைத்தீர்கள் அல்லவா? பலகை வாசலில்தான் இருக்கிறது. சாக்பீஸ் தரட்டுமா?