பத்துக்கு ஒரு கதவு

திங்கட்கிழமை சாயங்காலம் நாற்பது கதவுகளில் சாக்பீஸால் நம்பர் போட்டுவிட்டுப் போயிருந்தான் சந்திரமௌலி. செவ்வாய்க்கிழமை காலை வந்து பார்த்தால் ஒரே ஒரு கதவில்தான் நம்பர் இருந்தது. மற்ற முப்பத்தொன்பதும் ஈரத்துணியால் துடைத்துப் பளிச்சென்று இருந்தன. தாராவியில் அந்தச் சந்தின் கதவுகளை அவ்வளவு சுத்தமாக யாரும் பார்த்ததில்லை.

நேராக டீக்கடைக்குப் போனான்.

மாட்டுங்காவில் ஒரு மாடியில் இயங்கிய சின்ன ஆராய்ச்சி நிலையத்தில் அவனுக்குத் தற்காலிக வேலை. ஊரைவிட்டு வந்தவர்கள் பம்பாயில் எப்படிக் குடியிருக்கிறார்கள் என்று ஓர் ஆய்வு. 1964 முடிவதற்குள் முடிக்க வேண்டும். சந்தில் நானூறு வீடு. 'சாம்பிள்' என்று பத்துக்கு ஒரு வீடு எடுக்க வேண்டும். எடுத்த வீட்டில்தான் கேள்வி கேட்க வேண்டும். பக்கத்து வீட்டு அம்மாள் நன்றாகப் பேசுகிறாள், டீ கொடுக்கிறாள் என்று அங்கே போய் உட்காரக் கூடாது. சனிக்கிழமை டைரக்டர் திருவேங்கடம் நேரில் வந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தி என்றால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால், மாமனார் தன் கம்பெனியில், தன் மேஜைக்கு நேர் எதிரே, மாப்பிள்ளைக்காக ஒரு டைப்பிஸ்ட் நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தார்.

"யார் அழிச்சது?" என்று டீக்கடை பூலோகத்திடம் கேட்டான்.

"எல்லாருந்தான் சார்வாள். கதவுல நம்பர் போட்டா, மறுவாரம் முனிசிபாலிட்டிக்காரன் கடப்பாரையோட வாரான். நீங்க போட்டதைப் பாத்துட்டு இந்தச் சந்துல ஒருத்தரும் சோறு திங்கலை."

அழிக்காத ஒரே ஆள் ஆறுமுகத்தாய். இட்லி சுட்டு விற்பவள். மற்ற எல்லாருக்கும் முன்னால் அந்தச் சந்துக்குக் குடிவந்தவள்.

"தம்பி, இது புது நம்பரா? அப்ப பழசு செல்லாதா?" என்று கேட்டாள்.

ரேஷன் கார்டைப் பற்றிக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். "புதுசுதான் அம்மா. பழசைப் பத்திக் கவலைப்படாதீங்கோ."

அவள் முகம் ஏனோ வாடிப்போயிற்று. அதைக் கவனிக்க அவனுக்கு நேரமில்லை.

புதன்கிழமை ஒரு டப்பா சிவப்புப் பெயிண்டும் பிரஷ்ஷும் வாங்கி வந்தான். 'இதை எப்படி அழிக்கிறார்கள், பார்க்கலாம்' என்று நாற்பது நம்பரையும் மறுபடி எழுதினான்.

வியாழக்கிழமை வந்தபோது நம்பரை யாரும் அழித்திருக்கவில்லை. கதவுகளையே கழற்றிவிட்டார்கள். முப்பத்தொன்பது வாசலில் கோணிச் சாக்கு தொங்கியது. பூதத்தான் என்பவர் தன் கதவைத் தலையில் சுமந்து லேபர் கேம்ப்பில் இருக்கும் தங்கை வீட்டுக்கே கொண்டுபோய்விட்டாராம்.

சந்திரமௌலி டீக்கடை பெஞ்சில் ஏறி நின்றான். "ஐயா, இது இடிக்கிறதுக்கு இல்லை! நல்லதுக்குத்தான்!"

"என்ன நல்லது?" என்று கூட்டம் கேட்டது.

பதில் சொல்ல வாயைத் திறந்தான். டைரக்டர் தாராவியைப் பற்றி எழுதிய தடிப் புத்தகத்தின் முதல் பக்கம் ஞாபகம் வந்தது. மக்களிடம் எதையும் தருவதாகச் சொல்லாதே. சொன்னால் அன்றோடு உன் ஆய்வு செத்தது. வாயை மூடிக்கொண்டான்.

"எனக்குத் தெரியும்," என்றாள் ஆறுமுகத்தாய். "நம்பர் போட்டா ரூம் குடுப்பாவ. பக்கா ரூம். குழாய் உள்ளயே இருக்கும்."

இல்லை என்று அவன் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அதற்குள் கதவுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரத் தொடங்கிவிட்டன. 'நான் ஒன்றும் சொல்லவில்லையே, அந்த அம்மாள்தானே சொன்னாள்' என்று மனசைத் தேற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

வெள்ளிக்கிழமை நானூறு கதவிலும் சிவப்பு நம்பர் இருந்தது. ஒன்றாம் நம்பர் மட்டும் பத்தொன்பது கதவில். பூலோகத்தின் பெஞ்சிலும் ஒரு நம்பர்.

"பெஞ்சுக்கு எதுக்குய்யா நம்பர்?"

"என் மச்சினன் அதுலதான் படுக்கான் சார்வாள். அவனும் குடியிருக்கவன்தானே?"

செம்பூரில் வீட்டுக்குள் நுழைந்ததும் ஷ்யாமளா கேட்டாள்: "ஏன்னா, மூஞ்சி ஏன் இப்படிக் கிடக்கு?"

"சாம்பிள் போச்சு."

"போனாப் போறது. அப்பா அந்த நாற்காலிக்குக் குஷன்கூடப் போட்டாச்சாம்."

அவன் சாதத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். எதிர் மேஜையிலிருந்து மாமனார் தினமும் எட்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பதை நினைத்துப் பார்த்தான். கடைசியாக ஒரு வழி தோன்றியது. சீட்டுக் குலுக்கல். நானூறு பேரையும் எழுதிப் போட்டு நாற்பதை எடுத்தால் தீர்ந்தது. ஆராய்ச்சிப் புத்தகங்களே ஒப்புக்கொண்ட முறை.

சனிக்கிழமை காலை டால்டா டப்பாவில் நானூறு சீட்டைப் போட்டு, சந்தின் நடுவில் நின்று குலுக்கினான்.

"முப்பிடாதியம்மாள்!" என்று முதல் சீட்டைப் படித்தான்.

முப்பிடாதியம்மாள் குலவை போட்டாள். "எனக்கு ரூம் விழுந்துட்டு!" என்று அவன் கழுத்தில் ஒரு சாமந்தி மாலையைப் போட்டாள். ஐந்தாவது சீட்டுக்குள் தேங்காய் உடைந்தது. பத்தாவது சீட்டுக்குள் சண்டை வந்தது. சீட்டு விழாதவர்கள் டப்பாவைப் பிடுங்க, சீட்டெல்லாம் சாக்கடையில் மிதந்தது. அந்த நேரம் பார்த்துச் சந்து முனையில் டாக்ஸி வந்து நின்றது.

டைரக்டர் திருவேங்கடம் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினார்.

"மிஸ்டர் சந்திரமௌலி, என்ன இது?"

"சாம்பிள் சார்," என்றான் சந்திரமௌலி, மாலையும் கழுத்துமாக.

"எல்லாரும் ரூம் ரூம்னு கத்தறாளே, யார் சொன்னது?"

"நான் சொல்லலை சார். ஆனா... இல்லைன்னும் சொல்லலை."

"ரெண்டும் ஒண்ணுதான் ஓய்!" டைரக்டரின் குரல் சந்து முழுவதையும் அடக்கியது. "ஏழை ஜனங்களுக்கு ஆசை காட்டறது பாவம். என் சர்வீஸிலே யாருக்கும் ஒரு வாக்குக் கொடுத்து ஒரு பதில் வாங்கினதில்லை நான். திங்கட்கிழமை நீர் ஆபீசுக்கு வர வேண்டாம்."

குஷன் போட்ட நாற்காலி சந்திரமௌலியின் கண்முன் வந்து நின்றது. 

அப்போது கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஆறுமுகத்தாய் வந்தாள். இடுப்பில் ஒரு பழைய கதவுப் பலகை. கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தது போல, ஒட்டடை படிந்திருந்தது. முந்தானையால் அதை நன்றாகத் துடைத்தாள். தாரில் எழுதிய எழுபது என்ற எண் தெரிந்தது. பலகையை மார்போடு பிடித்துக்கொண்டு டைரக்டரை மேலும் கீழும் பார்த்தாள். சந்திரமௌலியை நோக்கி நீட்டியிருந்த அவருடைய விரல் மெல்லக் கீழே இறங்கியது.

ஆறுமுகத்தாய் சந்தோஷமாகக் கேட்டாள்: "கொரலைக் கேட்டதும் தெரிஞ்சுக்கிட்டேன் சார், பதினோரு வருசமா நீங்க எழுதிக் குடுத்த நம்பரைப் பத்திரமா வச்சிருக்கேன், ரூம் சாவியைக் கொண்டாந்திட்டியளா?"