கானகக் கைத்திறன் கழகத்தின் முதல் கூட்டம்

கோவிந்தம்மாவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் ஒரு நர்ஸை ஏமாற்றிக்கொண்டிருந்தாள். கட்டிலருகே ஒரு தட்டில் ரவை உப்புமா இருந்தது. கண்ணால் அதைக் காட்டினாள். நான் தின்று முடித்தேன். நர்ஸ் வந்து காலித் தட்டைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, எல்லாத்தையும் சாப்ட்டீங்களே" என்றாள். என் மனைவி அடக்கமாகத் தலையை ஆட்டினாள். பிறகு என்னிடம், "போங்க, கடைசி பஸ் போயிடும்" என்றாள். போனேன்.

அவள் போகச் சொன்னால் போவதும் வரச் சொன்னால் வருவதும்தான் எங்கள் குடும்ப நடைமுறை. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் உறுதியாக நின்றேன். மூன்று வருஷம் நின்றேன். அந்த உறுதி எப்படி முடிந்தது என்பதைச் சொல்கிறேன்.

எனக்கு மண்வாரி எந்திரம் செய்யும் ஃபேக்டரியில் ஸ்டோர்ஸ் வேலை. போல்ட்டும் நட்டும் என் ஜன்னல் வழியாகத்தான் போகும். கேட்பவனுக்கு எடுத்துக் கொடுப்பேன். அதை எங்கே மாட்டுவது என்பது அவன் பாடு. என் தங்கை தாயம்மாவின் புருஷன் பெயர் சம்பங்கி. தங்க மைனில் டிம்பர் வேலை பார்த்தவர். பூமிக்கடியில் பாறை தலையில் விழாமல் மரத்தால் முட்டுக் கொடுக்கிற ஆள். ஒருநாள் மாரிகுப்பத்தில், மைன் கம்பெனி கொடுத்திருந்த அவர்கள் லைன் வீட்டில் விருந்து. காலண்டர் மாட்ட ஒரு ஆணி அடிக்கச் சொன்னாள் தங்கை. அடித்தேன். ஆணி நின்றது. சுவர்தான் நிற்கவில்லை. இரண்டு முழம் காரை கீழே வந்தது. விருந்துக்கு வந்த அத்தனை பேர் முன்னாலும் சம்பங்கி சொன்னார்:

"மச்சான் ஆணி எடுத்தா செவுரு அழுவுது."

எல்லோரும் சிரித்தார்கள். நான் பாயசத்தைக்கூடக் குடிக்காமல் எழுந்தேன். வீட்டுக்கு வந்து கோவிந்தம்மாவிடம் பிரகடனம் செய்தேன்.

"இந்த வீட்ல இனிமே அந்த வீட்டுப் பேச்சு வரக்கூடாது. நல்லதோ கெட்டதோ, என் காதுல விழக்கூடாது."

"நல்லதுகூடவா?"

"நல்லதுகூட."

"தங்கச்சி பொண்ணு சுனிதா கீதே, அதப் பத்தி?"

"ஒண்ணும் வேணாம்."

"அவங்க வாசப்படி?"

"மிதிக்க மாட்டேன். சத்தியம்."

கோவிந்தம்மா மோர்க்குழம்பைக் கிளறிக்கொண்டே, "சரிங்க" என்றாள்.

அவள் உடனே "சரிங்க" என்று சொன்ன சமயங்களை எல்லாம் நான் பிற்பாடு யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் எனக்குச் சரியாக முடிந்ததில்லை. ஆனால் அன்று யோசிக்கவில்லை. சம்பங்கி வேலையை விட்டுவிட்டு லைன் வீட்டைக் காலி செய்து எங்கேயோ போய்விட்டதாகக் காற்றில் கேள்விப்பட்டேன். எங்கே என்று கேட்டால் சத்தியம் கெட்டுவிடும். கேட்கவில்லை.

சத்தியம் ஒரு பக்கம் இருக்க, அந்தச் சுவர் என் மனசில் விழுந்துகொண்டே இருந்தது. தொண்ணூற்று எட்டில் பெங்களூர் நடைபாதையில் ஒரு ஆங்கிலப் படப்புத்தகம் கிடைத்தது. தாடிக்கார வெள்ளைக்காரர் ஒருவர் காட்டுக்குள் ஒரு கத்தியோடு போகிறார். பத்தாம் பக்கத்தில் தீ மூட்டுகிறார். முப்பதாம் பக்கத்தில் வீடு கட்டிவிடுகிறார். ஒரு ஆணி கிடையாது. டிக்‌ஷ்னரியை வைத்துக்கொண்டு முழுசாகப் படித்தேன். முடித்தபோது நான் வேறு ஆள். ஆணியால் இழந்த மானத்தை ஆணியில்லாமலே மீட்பது என்று தீர்மானித்தேன். ஃபேக்டரி கேன்டீன் சுவரில் அறிவிப்பு ஒட்டினேன். கானகக் கைத்திறன் கழகம். முதல் கூட்டம் அடுத்த மாதக் கடைசியில். இடம் பின்னர்.

அறிவிப்பின் நகலை வீட்டில் கோவிந்தம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

"எந்தக் கட்சிங்க இது?"

"கட்சி இல்ல. காட்டுல ஒருநாள் இருக்கறது. விதி ஒண்ணு, தீப்பெட்டி கெடையாது. ரெண்டு, ஆணி கெடையாது. மூணு, கடைக் கயிறு கெடையாது."

"தண்ணிக் கொழாய்?"

"கெடையாது."

"கரண்ட்டு?"

"காட்டுல எப்படி இருக்கும்?"

"சின்ன வயசுல லைன் வீட்ல நாங்க அப்படித்தான இருந்தோம், பத்து வீட்டுக்கு ஒரு கொழா, அதுலயும் காத்து. அதுக்கு அப்ப யாரும் கழகம் வெக்கலியே."

"உனக்குப் புரியாது. இது கலை. விதி நாலு, பெண்கள் உதவி கெடையாது."

"அப்ப சோறு?"

"நாங்களே."

கோவிந்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். இருமல் என்று நினைத்தேன்.

கூட்டம் சேர்ந்துவிட்டது. ஃபிட்டர் பர்னபாஸ்தான் முதல் உறுப்பினர். அவருக்குப் பின்னால் எட்டுப் பத்துப் பேர். காடுதான் கிடைக்கவில்லை. வனத்துறை ஆள் என் அறிவிப்பை இரண்டு முறை படித்துவிட்டு, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். நான் சோர்ந்து போயிருந்த ஒரு புதன்கிழமை, மார்க்கெட்டிலிருந்து வந்த கோவிந்தம்மா பையைக்கூட இறக்காமல் கேட்டாள்.

"இன்னாங்க, காடு கெடைச்சுதா?"

"இல்ல."

"பேத்தமங்களா ஏரிக்குப் பின்னால மஞ்சுநாத்துன்னு ஒருத்தரு. தோப்பு வெச்சிக்கினு கீறாரு. தோப்புன்னு பேரு, பாத்தா காடுதான். கேட்டுட்டேன். வாங்கன்னு சொல்லிட்டாரு."

"நீ எங்க பாத்த அவர?"

"தக்காளி விக்க வந்தாரு. ஆனா வர்ற ஞாயித்துக்கெழமதானாம். அதுக்கப்புறம் தண்ணி பாய்ச்சிடுவாராம்."

"அடுத்த மாசம்னு ஒட்டிட்டேனே."

"கிழிச்சிட்டு வேற ஒட்டுங்க. அப்புறம் அந்தக் குடிசை. காஞ்ச எலையில கட்டாதீங்க."

"ஏன்?"

"காஞ்சத எவன் வேணாலும் கட்டுவான். பச்சை ஓலையில கட்டணும். வளைச்சா வளையணும், பின்னுனா நிக்கணும். அதான வித்தை?"

அசந்து போனேன். அன்றே அதை ஐந்தாவது விதியாகச் சேர்த்தேன். இத்தனை நாள் அடுப்படியில் இருந்த ஒருத்திக்கே கலை பிடிபட்டுவிட்டதென்றால் கழகத்தின் எதிர்காலம் பிரகாசம்தான்.

சனிக்கிழமை அவள் பட்டுப்புடவையை எடுத்து வெயிலில் போட்டாள். பூச்சி அரிக்காமல் இருக்க என்று நானே காரணம் சொல்லிக்கொண்டேன். ஞாயிறு காலை எனக்குப் புது வேட்டி எடுத்து வைத்திருந்தாள்.

"காட்டுக்கா வேட்டி?"

"தொலைஞ்சி போனா வெள்ளை தெரியும். தேடலாம்."

"சரி. ஷேவிங் செட்டு எதுக்கு?"

"முள்ளுல தாடி மாட்டும்."

"எனக்கு ஒருநாள் தாடிதான?"

"அதுக்கே மாட்டும். அந்த ஊரு முள்ளு அப்படி."

மறுக்க முடியாத தர்க்கம். அந்தப் புத்தகத்து வெள்ளைக்காரருக்கு இப்படி ஒரு மனைவி இருந்திருந்தால் முகம் வழவழவென்றிருக்கும்.

பேத்தமங்களாவில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மஞ்சுநாத் காத்திருந்தார். கன்னடமும் தமிழும் கலந்து உபசரித்து, ஏரிக்கரை வழியாகச் சுற்றி அழைத்துப் போனார். தென்னை, புங்கை, மா, இடையில் ஆள் உயரப் புதர். உண்மையிலேயே காடு மாதிரிதான் இருந்தது. ஆனால் குடிசைக்கென்று அவர் காட்டிய இடம் மட்டும் பெருக்கிச் சாணி தெளித்து, ஓரத்தில் கோலமும் போட்டிருந்தது.

"காட்டுக்குள்ள ஏங்க சாணி?"

"பாம்பு வராது சார்."

"கோலம்?"

மஞ்சுநாத் கொஞ்சம் யோசித்தார். "எறும்பும் வராது சார்."

என்ன அக்கறை! அவரைக் கழகத்தின் கௌரவ உறுப்பினராக அங்கேயே அறிவித்தேன்.

வேலையைப் பிரித்துக் கொடுத்தேன். பர்னபாஸ் தீ. மற்றவர்கள் கழி வெட்டுவது, வாழை நார் கிழிப்பது. குடிசையை நான் என் கையாலேயே கட்டுவேன், ஒருவரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். மஞ்சுநாத்தும் "ஆமா சார், நீங்களேதான் கட்டணும். வேற கை படக்கூடாது" என்று அழுத்திச் சொன்னார். வாசலைத் தெற்கே வைக்கப் போனேன். கிழக்கே வைக்கச் சொன்னார். ஏன் என்றேன். காற்று என்றார். இலை ஆடவில்லை. இருந்தாலும் வைத்தேன்.

நான்கு மூலைக்கு நான்கு பச்சைக் கழி. மேலே வளைவு. சுற்றிலும் பச்சைத் தென்னோலைப் பின்னல். என் கை அன்று என் கையாகவே இல்லை. புத்தகத்தில் இருபது பக்கம் எடுத்த வேலையை நான் பகல் சாப்பாட்டு நேரத்துக்குள் முடிக்கும் நிலைக்கு வந்துவிட்டேன். தீ நிலவரம்தான் மோசம். பர்னபாஸ் கட்டைமேல் கட்டையை வைத்துக் கடைந்து கடைந்து, கட்டை குளிர்ச்சியாகவும் அவர் சூடாகவும் இருந்தார்.

"ராஜேந்திரா, பிரியாணி வாசனை வருதுப்பா."

"பசி மயக்கம். புத்தகத்துல போட்டிருக்கு. மூச்ச நல்லா இழுத்து வுடு."

"இழுத்தேன். மட்டன்."

அப்போது புதருக்குப் பின்னாலிருந்து ஒலிபெருக்கி கரகரத்தது. "மைக் டெஸ்ட், ஒன், டூ, த்ரீ. ஆலோ."

"யாரோ வீட்டு விசேஷம் போல" என்றார் பர்னபாஸ் ஏக்கமாக.

"இருக்கட்டும். நம்ம கவனம் சிதறக் கூடாது" என்றேன்.

கடைசி ஓலையைச் செருகிவிட்டு ஐந்தடி தள்ளி நின்று பார்த்தேன். சொல்வதற்கென்ன, அழகு. கழகத்தார் கை தட்டினார்கள். நான் சொற்பொழிவுக்குத் தொண்டையைச் சரிசெய்தேன். சரியாக அந்த நேரம் மேளம் கொட்டியது. புதர் விலகியது. அதற்குப் பின்னால் ஒரு ஓட்டு வீட்டின் புழக்கடை தெரிந்தது. வரிசையாகப் பெண்கள், கையில் தட்டு, தட்டில் பழமும் பூவும். முதல் ஆளாகப் பட்டுப்புடவையில் வந்தது கோவிந்தம்மா. அவளுக்குப் பின்னால் என் தங்கை தாயம்மா, அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும். தாயம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மாலையும் புதுப் பாவாடை தாவணியுமாகச் சுனிதா.

எங்கள் பக்கத்தில் பெண் ஆளானால் தாய்மாமன் பச்சை ஓலையில் குச்சு கட்ட வேண்டும். பெண்ணை அதில் உட்கார வைத்துத்தான் மஞ்சள் தண்ணீர் சுற்றுவார்கள். வேறு யார் கட்டினாலும் செல்லாது. நான் கட்டியிருந்தேன். ஆணியில்லாமல், கிழக்குப் பார்த்து, ஷேவ் செய்து, புது வேட்டியில்.

"கோவிந்தம்மா! இன்னா இது?"

"குச்சுங்க. ரொம்ப நல்லா வந்துகீது."

"எங்கிட்ட ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"நல்லதோ கெட்டதோ காதுல விழக் கூடாதுன்னீங்க. விழுந்துதா?"

"வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிகீறேன்!"

"யாரு மிதிச்சா? அவங்க இப்ப குடியிருக்கறது மஞ்சுநாத்து தோப்பாண்ட. இது புழக்கடை. வாசப்படி அந்தாண்ட."

"நாலாவது விதி, பெண்கள் உதவி..."

"நான் ஒரு ஓலையத் தொட்டிருந்தா சொல்லுங்க."

எனக்கு இன்னும் கொஞ்சம் கோபம் மிச்சம் இருந்தது. திரும்பி நடந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அப்போது சுனிதா, "மாமா, நீ வரவே மாட்டன்னு அப்பா சொன்னாரு. மாமா கட்டுற குச்சுலதான் உக்காருவேன், இல்லன்னா சடங்கே வேணாம்னு நான் சொல்லிட்டேன்" என்றாள். மூன்று வருஷத்தில் ஒரு முழம் வளர்ந்திருந்தாள். என் அம்மாவின் மூக்கு. நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டேன்.

அதற்குள் சம்பங்கி வந்துவிட்டார். என்னைப் பார்க்கவில்லை. நேராகக் குச்சுக்குப் போனார். மைனில் முட்டு மரத்தைச் சோதிக்கிற மாதிரி ஒவ்வொரு கழியையும் உள்ளங்கையால் தட்டினார். தோளைக் கொடுத்து ஒரு தள்ளுத் தள்ளினார். அசையவில்லை. கழகம் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"மச்சான், ஒரு ஆணி கூடவா இல்ல?"

"இல்ல."

"அதான் நிக்குது."

முதலில் சிரித்தது யார் என்று எனக்கு நினைவில்லை. நானாகவும் இருக்கலாம். அவர் என் தோளில் கை போட்டார். நான் கையை எடுக்கவில்லை. கற்பூரம் ஏற்றத் தீப்பெட்டி தேடினார்கள். கழக உறுப்பினர் பர்னபாஸ் தன் சாக்ஸுக்குள்ளிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதைப் பற்றி நான் இன்றுவரை விசாரிக்கவில்லை.

பிரியாணி பிரமாதம். கழகத்தார் இரண்டாவது கூட்டம் எப்போது, யார் வீட்டில் என்று கேட்டார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தேன்.

"ஏன் இவ்ளோ நாடகம்? நேரா சொல்லியிருந்தா நான் வந்திருக்க மாட்டேனா?"

"மாட்டீங்க."

"சரி, மாட்டேன். அதுக்கு?"

"நமக்குன்னு புள்ள குட்டி இல்ல. நாளைக்கு நான் போயிட்டா, உங்களுக்குச் சண்டை போடவாவது ஒரு ஆளு வேணாமா?"

நான் பதில் யோசித்துக்கொண்டிருந்தேன். யோசித்து முடிப்பதற்குள் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். சண்டையில் அவள் கடைசியாக ஜெயிக்கும் முறை அதுதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கொண்டுவந்த அன்று முதலில் வந்து நின்றவர் சம்பங்கி. பந்தல் கால் நட்டது அவர். நான் ஒரு கழியைப் பிடிக்கப் போனேன். "மச்சான், நீ உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். இப்போது ஞாயிறு தோறும் பேத்தமங்களா போகிறேன். மோரில் உப்பு அதிகமா, குறைவா என்பதில் ஆரம்பித்து மாலை பஸ் வரைக்கும் சண்டை போடுகிறோம்.

சுனிதாவின் சடங்கு முடிந்ததும் வழக்கப்படி குச்சைப் பிரித்துவிட்டார்கள். ஒரு மூலைக் கழியை மட்டும் பிடுங்க முடியவில்லை. அவ்வளவு ஆழமாக நான் நட்டிருக்கிறேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். மழை வந்ததும் அது துளிர்த்தது. வெட்டி நட்டாலே முளைக்கிற ஒதிய மரம். சம்பங்கி அதில் எருமை கட்டுகிறார்.