பிழை திருத்தப்பட்ட மனைவி

நவீன இலக்கியத்துக்கு இலக்கணம் தேவையா என்ற விவாதத்தில் இதுவரை பதினான்கு முறை உட்கார்ந்திருக்கிறேன். (நாட்குறிப்பில் தேதியும் நேரமும் இருக்கின்றன. முடிவுதான் ஒன்றிலும் இல்லை.) களைத்துவிட்டேன். யாராவது மைக்கைப் பிடித்து அந்தக் கேள்வியை எழுப்பினால் எனக்கு ராஜமாணிக்கத்தின் மனைவிதான் நினைவுக்கு வருகிறார்.

ராஜமாணிக்கம் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்து இங்கே ஜூரோங்கில் கப்பல் பட்டறை வெல்டராக இருந்தார். எங்கள் வாசிப்புக் குழு கொண்டுவந்த தொகுப்புக்கு ஒரு கதை கொடுத்தார். மகளின் காதுகுத்துக்கு ஊருக்குப் போகாமல் ஓவர்டைம் பார்த்ததால், மனைவி செல்வி சண்டை போட்டு இரண்டு மாதமாகப் பேசவில்லை.

"அந்தச் சண்டையத்தான் எழுதியிருக்கேன் சார். வெளியீட்டன்னிக்கு வீடியோ கால்ல அவளக் கேக்க வைக்கப்போறேன். என் தப்ப நானே எழுதியிருக்கேன்னு தெரிஞ்சா பேசிருவா."

மெய்ப்புப் பார்ப்பது என் பொறுப்பு. அந்த வயதில், அச்சேறும் ஒவ்வொரு சொல்லுக்கும் நானே காவல்துறை என்று நினைப்பு. கதையில் அந்த மனைவி திட்டியதையெல்லாம் இலக்கண விதிப்படி செந்தமிழாகத் திருத்தி அச்சுக்கு அனுப்பினேன். எழுதியவரிடம் காட்டவில்லை. (சந்தோஷப்படுவார் என்று நம்பினேன். சத்தியமாக.)

ஞாயிறு மாலை, லிட்டில் இந்தியாவில் ஓர் உணவகத்தின் மாடி. கிராஞ்சி தொழிலாளர் விடுதியிலிருந்து அவருடைய கூட்டாளிகள் வந்திருந்தார்கள். ஒருவர் கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் நிறுத்தினார். திரையில் செல்வி, இறுகிய முகத்தோடு. ராஜமாணிக்கம் புதுப் புத்தகத்தைப் பிரித்து வாசித்தார்:

"'தாங்கள் வருவதாக வாக்களித்துவிட்டு வாராதிருப்பது முறையாகுமா? இனி என்னுடன் உரையாட வேண்டாம்' என்றாள்."

வாசித்தவரே நின்றுவிட்டார். கைபேசி பேசியது.

"யாருங்க அந்தப் பொம்பள?"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. "நீதான் செல்வி..." என்றார் ராஜமாணிக்கம்.

"நானா? நான் என்ன திருவிழா நாடகத்துலயா நின்னேன்? நான் அழுதத எழுதியிருக்கேன்னு மெசேஜ் போட்டீங்க. இதுல நான் எங்க இருக்கேன்? வைக்கறேன்."

பதறி எழுந்தேன். "வைக்காதீங்கம்மா! அவர் சரியாத்தான் எழுதினாரு. மாத்தினது நான்."

"நீங்க யாரு?"

"மெய்ப்புப் பாக்கறவன்."

"எங்க சண்டைல உங்களுக்கு என்ன வேலை?"

பதினான்கு விவாதங்களிலும் இவ்வளவு தெளிவான கேள்வியை யாரும் கேட்டதில்லை.

ராஜமாணிக்கம் புத்தகத்தை மூடினார். கைபேசியைப் பார்த்து, தான் முதலில் எழுதியதை நினைவிலிருந்து சொல்லத் தொடங்கினார்: "'வரேன் வரேன்னு சொல்லிப் புள்ளைய ஏமாத்திட்டியே, பாவி. நீ அங்கயே கெட...'"

செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டார். வைக்கவில்லை. "இத அப்படியேதான் சொன்னேன்," என்றார். பிறகு, "இனிமே எழுதினா எனக்கு மொதல்ல அனுப்புங்க. அந்தாளுகிட்டக் குடுக்காதீங்க."

கடைசி வரிசையில் என் மனைவியும் இருந்தார். இன்றும் குவீன்ஸ்டவுன் வீட்டில் சண்டை உச்சத்துக்குப் போகும்போது சட்டென்று நிறுத்தி விரலை நீட்டி, இந்த ஊர் 'லா' சேர்த்துச் சொல்கிறார்.

"எழுதிக்கணும்னா எழுதிக்கோங்க லா. ஆனா நான் சொன்ன மாதிரியே எழுதணும்."

நாட்குறிப்பில் அப்படியே எழுதுகிறேன். தேதி மட்டும்தான் என்னுடையது.