பலகையைப் பார்த்து வந்தவர்கள்

நட்டு முடித்த பலகையின் அடியில் முதல் வேட்டி விழுந்தபோது ஐயம்பெருமாள் கடப்பாரையைக் கூடக் கீழே வைத்திருக்கவில்லை.

'ஆற்றில் துணிகளை விடாதீர்' என்றது பலகை. பாபநாசத்தில் குளித்து, உடுத்திய துணியை ஆற்றோடு விட்டால் பீடை தொலையும் என்பது வருவோரின் நம்பிக்கை. அதைத் தடுக்க ஆற்றுத் தூய்மைத் திட்டம் இருவரை ஒப்பந்தத்தில் அமர்த்தியிருந்தது: மேலைப் படித்துறைக்குச் சித்ரலேகா, கீழைப் படித்துறைக்கு ஐயம்பெருமாள். வெள்ளிக்கிழமைக்குப் பின் ஒருவருக்கே வேலை.

"பலகை வச்சேன், கயிறு கெட்டினேன்னு வந்து நிக்காதீரும் வே," என்று பொறியாளர் பாலசுப்பிரமணியன் எச்சரித்திருந்தார். "என்ன செஞ்சீருன்னு நான் கேக்கல. துணி விடுறது நின்னுச்சா? அதுக்குப் பேர்தான் பயனுறுதிறன்."

ஐயம்பெருமாள் வேட்டிக்காரரிடம் திரும்பினார். "பலகையப் பாக்கலியா?"

"பாத்துட்டுத்தான அண்ணாச்சி வாரோம்!"

எழுத்து சிறிதாயிருக்கலாம் என்று கருதிப் பலகையைப் பெரிதாக்கினார். மறுநாள் ஒரு வேன் நிறைய ஆள்கள் வந்து இறங்கினார்கள்.

கயிறு கட்டினார். அதில் சேலைகளை முடிந்துவிட்டுப் போனார்கள். துணி போடத் தொட்டி வைத்தார். மாலைக்குள் தொட்டிக்குச் சந்தனம் பூசி மாலை சாத்தியிருந்தார்கள். துணி ஆற்றில் கிடந்தது. ஒலிபெருக்கியோடு தாமே நின்றார். வந்தவர்கள் காலில் விழுந்து எழுந்து, ஈரத்துணியை அவர் தோளில் போட்டார்கள்.

"சாமி, உங்க கையாலயே விட்டுருங்க."

மேலைப் படித்துறையிலோ தண்ணீருக்கடியில் கூழாங்கல் தெரிந்தது. சித்ரலேகா நாற்காலியில் அமர்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். ஐயம்பெருமாள் தம் படியில் நின்றபடியே கூவினார்.

"ஒனக்கு மட்டும் எப்படி தாயி?"

"ரோட்டைப் பாத்து ஒரே பலகைதான் அண்ணாச்சி!"

அவரிடமும் ஒரே பலகைதான் இருந்தது. வியாழனன்று அதையும் பிடுங்கினார். கூட்டம் குறையவில்லை.

வெள்ளியன்று பொறியாளரின் செருப்பில் யாருடைய பாவாடை நாடாவோ சுற்றிக்கொண்டது. அவர் குனிந்து அதை அவிழ்த்தார்.

"உம்ம உழைப்புல குறை இல்ல வே. பலன்தான் இல்ல. அந்தப் பிள்ளையப் பாரும், ஒரு பலகையோட முடிச்சிட்டா. திங்கள்ல இருந்து நீரு வர வேண்டாம்."

அவர் போனபின் ஐயம்பெருமாள் கடைசிப் படிக்கு இறங்கினார். பிறகு திட்டத்தின் பெயர் பொறித்த சீருடைச் சட்டையைக் கழற்றினார். மடித்தார். ஆற்றில் விட்டார்.

ஏரலிலிருந்து மூட்டையோடு வந்திறங்கிய ஓர் அம்மாள் அதைக் கண்டு முகம் மலர்ந்தாள்.

"அப்போ எடம் இதுதான். 'துணி விடுறவங்க அடுத்த படித்துறைக்குப் போகவும்'னு மேலப் படித்துறையில அந்தப் பிள்ள அம்புக்குறி போட்டுல்லா பலகை வச்சிருக்கு!"